பொய்த் தோட்டா

வெர்லீனுடைய கைகளைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். கோழித் தொழிற்சாலையில் எலும்பு பிரிக்கும் வரிசையில் அவளும் நானும் பக்கத்துப் பக்கத்தில் நின்று பாதி ஆயுளைக் கழித்தவர்கள். கொக்கியில் தலைகீழாகத் தொங்கி வரும் கோழியின் தோள்மூட்டில் கத்தியை விட வேண்டும், ஒரு திருப்பு, ஒரு இழுப்பு, அடுத்த கோழி. மூக்கைச் சொறிய நேரம் கிடையாது. ஐஸ் பெட்டிக்குள் நிற்கிற மாதிரிக் குளிர். ராத்திரி படுத்தால் கை மரத்துப்போய், யாருடைய கையோ என்று தோன்றும். உதறி உதறித்தான் உயிர் வரும். எங்கள் ஊரான பைனி ஓடைக்கரையில் பாதிப் பெண்களுக்கு இந்தக் கைதான். கம்பெனி டாக்டர் மாத்திரை கொடுத்துவிட்டு, “வீட்டுல பின்னல் வேலை ரொம்பச் செய்யாதீங்கம்மா” என்பார். அந்த ஆளை ஒரு நாள் எங்கள் வரிசையில் நிறுத்திப் பார்க்க வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை.

எங்கள் எல்லோரையும்விட வெர்லீன் கைதான் மோசம். காபிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடிப்பாள். ரவிக்கைப் பட்டன் போட முடியாது என்று பட்டன் இல்லாத பனியனாகவே வாங்கிப் போடுவாள். அந்தக் கையை வைத்துக்கொண்டுதான் அவள் துப்பாக்கி வாங்கக் கிளம்பினாள்.

காரணம் அவள் தங்கை ட்ரீவா. செப்டம்பரில், சோளத்தட்டை காயும் நேரத்தில், காறையெலும்பு முறிந்து அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். முறித்தவன் புருஷன் ராய்ஸ். மரம் ஏற்றும் லாரி ஓட்டுகிறவன். ஆள் பார்க்க நன்றாக இருப்பான், சர்ச்சில் கட்டைக் குரலில் பாடுவான். குடிக்காத ராய்ஸைப் போல ஆள் இல்லை என்று எல்லோரும் சொல்வார்கள். அந்தக் குடிக்காத ராய்ஸை நான் பார்த்தது குறைவு. அவனைக் கவுண்டி சிறையில் போட்டார்கள். குளிர் தொடங்கும்போது வெளியே வந்துவிடுவான். அவன் ட்ரீவா இருக்கும் வீட்டுப் பக்கம் வரக்கூடாது என்று நீதிமன்றம் ஒரு தடையுத்தரவும் கொடுத்தது. அதைக் கொண்டுவந்து கொடுத்த ஷெரிப் ஆபீஸ் பையன் நல்ல பையன், உண்மையைச் சொன்னான்.

“எங்க ஆபீஸ்லேருந்து இங்க வர முக்கால் மணி நேரம் ஆகும்மா. ஓடையில தண்ணி ஏறிச்சுன்னா அதுவும் சொல்ல முடியாது.”

“அதுவரைக்கும் நாங்க என்ன செய்யறது? அவனுக்குப் பிஸ்கட்டும் காபியும் போட்டுக் கொடுத்து உக்காத்தி வைக்கவா?” என்றாள் வெர்லீன்.

பையன் தொப்பியைத் தடவினான். மறுநாளே அவள் என்னையும் இழுத்துக்கொண்டு கிளீட்டஸ் கடைக்குப் போனாள்.

கிளீட்டஸ் கடையில் மாட்டுத் தீவனம், ஆணி, குழாய், துப்பாக்கி எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. கிளீட்டஸ் முதலில் ஒரு தடித்த பிஸ்டலை எடுத்து வைத்தார். மேல்பாகத்தைப் பின்னால் இழுத்துவிட்டால்தான் அதில் தோட்டா ஏறும். வெர்லீன் இழுத்தாள். வயிற்றோடு சேர்த்துப் பிடித்து இழுத்தாள். முகம் சிவந்ததுதான் மிச்சம், அது அசையவில்லை. தீவன மூட்டை தூக்க வந்திருந்த இரண்டு ஆண்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு கூரையைப் பார்த்தார்கள்.

கிளீட்டஸ் அதை உள்ளே வைத்துவிட்டு, கண்ணாடிப் பெட்டியின் ஓரத்திலிருந்து ஒரு பழைய ரிவால்வரை எடுத்தார். இருபத்திரண்டு காலிபர். சுண்டுவிரல் நுனிகூட இல்லாத தோட்டா, ஆறு போகும். பண்ணைக்காரர்கள் பாம்பு அடிக்க வைத்திருப்பது.

மூட்டைக்காரர்களில் ஒருவன் தாங்க மாட்டாமல், “இதால சுட்டா ராய்ஸுக்குக் கோவம்தான் வரும்” என்றான்.

“கோவம் வர நேரமில்லாத எடத்துல சுடணும், அவ்வளவுதான்” என்றார் கிளீட்டஸ். “இங்க பாரும்மா வெர்லீன். பெருசு எங்க பட்டாலும் ஆளைத் தள்ளிரும். இது தள்ளாது. எங்க படுதுங்கறதுதான் கணக்கு. அதனால நீ உக்காந்து பழகணும். சும்மா டிராயர்ல போட்டு வச்சா இதுக்கு ஒரு கரண்டி மேல்.”

“பழகறேன்.”

“ட்ரிகரை நேரா அழுத்தினா கெட்டியா இருக்கும், உன் விரல் தாங்காது. பின்னாடி சின்னச் சுத்தியல் மாதிரி நீட்டிக்கிட்டிருக்கு பாரு, இந்தச் சுத்தியை முதல்ல இழுத்து நிறுத்திக்க. அப்புறம் தொட்டாப் போதும்.”

ஒரு கட்டைவிரலுக்கு அது வரவில்லை. இரண்டு கட்டைவிரலையும் ஒன்றாகச் சேர்த்து, பிரார்த்தனைக்குக் கை குவிக்கிற மாதிரி வைத்து இழுத்தாள். கிளக் என்று நின்றது. அவள் முகத்தில் பல மாதத்துக்குப் பிறகு ஒரு வெளிச்சத்தைப் பார்த்தேன்.

“இன்னொன்னு” என்றார் கிளீட்டஸ். “இந்தச் சின்னத் தோட்டா சில சமயம் வெடிக்காது. டிக்குன்னு சத்தம் மட்டும் வரும். வந்துச்சுன்னா நின்னு யோசிக்காத. மறுபடி இழு, மறுபடி அழுத்து. அடுத்தது வெடிக்கும். நின்னு யோசிச்சவங்க யாரும் எங்கிட்டத் திரும்பி வந்து கதை சொன்னதில்ல.”

பிறகு ஆணி வைக்கும் பக்கம் போய் எதையோ அள்ளிக்கொண்டு வந்தார். சுவரில் திருகாணி ஏற்றத் துளைக்குள் செருகுவோமே, அந்த மஞ்சள் பிளாஸ்டிக் கட்டை. வெறும் துப்பாக்கியில் விசையை அழுத்திப் பழகினால் உள்ளே தோட்டாவைக் குத்தும் ஊசி கெட்டுப்போகும். ஆறு துளையிலும் இதைச் செருகிவிட்டால் வீட்டுக்குள்ளேயே எத்தனை தடவை வேண்டுமானாலும் அழுத்தலாம். எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். கிளீட்டஸ் அதைப் பொய்த் தோட்டா என்பார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் என் வீட்டுக் குளத்துக்குப் பின்னால் செம்மண் கரையில் பழகினோம். என் புருஷன் உயிரோடு இருந்தபோது அணில் சுடும் துப்பாக்கிக்குக் குறி சரிபார்த்த இடம். முதல் வாரம் வெர்லீன் சுட்டது குளத்தில் விழுந்தது, மரத்தில் விழுந்தது, தகர டப்பாவில் மட்டும் விழவில்லை.

“ஏண்டி, டப்பாவுக்கும் உனக்கும் சொந்தமா? இப்படி விட்டுக் குடுக்கற” என்றேன்.

“வாயை மூடு நெட்டி. மூச்சு முட்டுது.”

“அதாண்டி தப்பு. முட்டற வரைக்கும் ஏன் பிடிக்கற? பாதி மூச்சை விட்டுரு, பாதியை நிறுத்திக்க. குழல் நுனியில இருக்கற அந்தக் குறிமுள்ளை மட்டும் பாரு. டப்பா மங்கலாத் தெரியட்டும்.”

வால்நட் காய் உதிர்ந்து கூரையெல்லாம் தடதடக்கும் காலம் வருவதற்குள் அவள் டப்பா மூடியைத் தப்பாமல் அடித்தாள். கத்தி பிடித்துப் பிடித்து வந்த பொறுமை அது. ஒரே இடத்தில், ஒரே மாதிரி, திரும்பத் திரும்ப. தொழிற்சாலை அவள் கையைத் தின்றது, அந்தப் பொறுமையைத் தின்னவில்லை.

வார நாளில் வேலை முடிந்து வந்து, பீன்ஸும் சோள ரொட்டியும் சாப்பிட்டு, பாத்திரம் கழுவியதும் சமையலறையில் பழக்கம் நடக்கும். நான் தனிக்கட்டை, பெரும்பாலும் அங்கேதான் சாப்பாடு. கை வேலையை மூளை மறந்துவிடும் என்று வெர்லீன் ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்வாள்.

“திற. கொட்டு. எண்ணு.” ஆறு தோட்டாவையும் நீலக்கரை போட்ட சாஸரில் நிறுத்தி வைப்பாள். மஞ்சள் கட்டையைச் செருகுவாள். “இழு. முள்ளைப் பாரு. பாதி மூச்சு. காத்திரு... தொடு.” டிக். “இழு. முள்ளைப் பாரு.” எல்லாம் முடிந்து கட்டையை எடுத்துவிட்டு உண்மைத் தோட்டாவைப் போட்டதும், வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி “நிறைஞ்சிருக்கு!” என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு டிராயரில் வைப்பாள்.

முன்னறையில் ட்ரீவா இஸ்திரி போட்டுக்கொண்டிருப்பாள். துப்பாக்கியை அவள் தொட்டதில்லை. அது இருக்கும் டிராயரில்கூடக் கரண்டி எடுக்க மாட்டாள்.

சண்டை வந்தது சட்டையால். குறி பார்க்க வெர்லீன் சரக்கறைக் கதவில் ஒரு கட்டம் போட்ட சட்டையை மாட்டியிருந்தாள். மூன்றாவது பட்டன்தான் குறி. ட்ரீவா வந்த அன்று அவசரத்தில் தன் துணியோடு சேர்த்து அள்ளி வந்த சட்டை அது.

“அக்கா, அது அவர் சட்டை.”

“தெரியும்.”

“வேற எதையாவது மாட்டிக்கயேன். பழைய கோணி இருக்கு.”

“கோணியா உன் எலும்பை உடைச்சுது?”

“குடிச்சிருந்தாருக்கா.”

“சரி. குடிச்சப்பவும் இந்த மாதிரிச் சட்டைதானே போட்டிருந்தான்? பட்டன் அதே எடத்துலதானே இருந்துச்சு?”

ட்ரீவா என்னைப் பார்த்தாள். நான் சோள ரொட்டியைப் பார்த்தேன். மறுநாள் சாயங்காலம் சட்டை துவைத்து இஸ்திரி போட்டு அதே கதவில் தொங்கியது. வெர்லீன் அதையும் குறி பார்த்தாள். எனக்கு அந்த வீட்டில் முதல் தடவையாகப் பயம் வந்தது அன்றைக்குத்தான். ராய்ஸை நினைத்து வந்த பயம் இல்லை அது.

ராய்ஸ் வெளியே வந்துவிட்டான் என்று சேதி வந்தது. ஒரு வாரம் ஒன்றும் இல்லை. அடுத்த சனிக்கிழமை காலையில் நான் வெர்லீன் வீட்டில் மான் கறி அரைத்துக்கொண்டிருந்தேன். யாரோ அடித்துக் கொடுத்த தொடைக்கறி. பன்றிக்கொழுப்பும் மிளகும் சேர்த்து அரைத்துக் குடலில் அடைக்க வேண்டும். அரைவைக் கைப்பிடியைச் சுற்ற வெர்லீனுக்கு முடியாது என்பதால் நான் சுற்றினேன், அவள் துண்டுகளைப் போட்டாள். ட்ரீவா தலைக்குக் குளித்து, நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். டவுனுக்குப் போகப்போகிறாளாக்கும் என்று நினைத்தேன்.

லாரி சத்தம் கேட்டது. சரளைக்கல்லில் ஏறி நின்றது. ராய்ஸ் தாழ்வாரப் படியேறினான்.

வெர்லீன் கையைக்கூடத் துடைக்கவில்லை. டிராயரைத் திறந்தாள்.

“தடையுத்தரவு இருக்கு ராய்ஸ். படி இறங்கு.”

“எம் பொண்டாட்டிகிட்டப் பேச வந்திருக்கேன்.” கம்பிவலைக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தான். வாசனை வந்தது. காலையிலேயே ஆரம்பித்திருந்தான்.

“நில்லு.”

“ஏன், அந்த எலித்துப்பாக்கியால சுடுவியா? ஊரே சொல்லிச் சிரிக்குது.”

“நில்லுன்னேன்.”

அவன் இன்னும் ஓரடி வைத்தான். வெர்லீன் இரண்டு கட்டைவிரலையும் சேர்த்தாள். கிளக். அவள் பாதி மூச்சை விடுவது எனக்குக் கேட்டது. சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டேன்.

டிக்.

ராய்ஸ் உறைந்துபோய் நின்றான். வெர்லீன் நின்று யோசிக்கவில்லை. கட்டைவிரலைச் சேர்த்தாள், இழுத்தாள், தொட்டாள். டிக். மறுபடி இழுத்தாள். கொழுப்புப் பிசுக்கில் விரல் வழுக்கியது, மறுபடி பிடித்து இழுத்தாள். டிக். அவள் முகத்தில் கோபமே இல்லை. கோழி வரிசையில் நிற்கும்போது இருக்கிற முகம்தான். ஆறு தடவை. ஆறாவது முடிந்ததும் ஏழாவதுக்கும் இழுத்தாள்.

“போதும்க்கா!” என்று கத்தினாள் ட்ரீவா. “அதுல ஒண்ணும் இல்ல. நான் மாத்திட்டேன்.”

வெர்லீன் திரும்பிப் பார்த்தாள்.

“நேத்து போன் பண்ணாரு. வரச் சொல்லிட்டேன். நீ குளிக்கறப்ப மஞ்சக் கட்டையைப் போட்டு வச்சேன்.”

“நீயா? நீ தொடமாட்டியே.”

“தெனம் காதுல விழுந்துச்சே. திற, கொட்டு, எண்ணுன்னு.”

ராய்ஸ் வெர்லீன் கையிலிருந்து ரிவால்வரை வாங்கினான். பிடுங்கக்கூட இல்லை, அவள் விரலில் வலு எங்கே இருக்கிறது? உருளையைத் திறந்து கவிழ்த்தான். ஆறு மஞ்சள் கட்டையும் தரையில் உருண்டன. கடைசிக் கட்டை உருண்டு நிற்கும்வரை பார்த்துவிட்டுச் சிரித்தான். “ஆறு தடவை கொன்னுட்டா, ட்ரீவா! உங்கக்கா என்னை ஆறு தடவை கொன்னுட்டா! இது எங்கிட்ட இருக்கட்டும். இவ கையில இருந்தா ஊரு தாங்காது.”

“போகாதடி” என்றாள் வெர்லீன். “இவன் உன்னைக் கொன்னுருவான்.”

ட்ரீவா பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்தாள். ஏற்கெனவே கட்டி வைத்திருந்தாள். சரக்கறைக் கதவில் இருந்த சட்டையை எடுத்து மடித்துக் கைமேல் போட்டுக்கொண்டாள். வாசலில் நின்று சொன்னாள்: “முதல் டிக்குலயே நீ நிறுத்திருவேன்னு நெனச்சேன்க்கா. பயமுறுத்தத்தானே இதெல்லாம்னு நெனச்சேன். நீ நிறுத்தவே இல்லையே.”

லாரி போய்விட்டது. வெர்லீன் குனிந்து மஞ்சள் கட்டையைப் பொறுக்கப் பார்த்தாள். அவ்வளவு சின்னதை அவள் விரலால் பிடிக்க முடியவில்லை. நான் பொறுக்கி சாஸரில் போட்டேன்.

“கறி கெட்டுப்போகும்” என்றாள். நான் கைப்பிடியைச் சுற்றினேன். அவள் துண்டுகளைப் போட்டாள்.

ஷெரிப் ஆபீஸ் பையன் வந்து கேட்டுவிட்டுப் போனான். தங்கச்சியே வரச் சொல்லித் தன் விருப்பத்தோடு போனபிறகு தடையுத்தரவைக் காட்டி ஒன்றும் செய்ய முடியாது, ராய்ஸ் நினைத்தால் வெர்லீன்மேல்தான் கேஸ் கொடுக்கலாம், கொடுக்கமாட்டேன் என்று பெருந்தன்மையாகச் சொல்லியிருக்கிறான் என்றான். பெருந்தன்மையாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த ரிவால்வரை ராய்ஸ் ஒரு வேடிக்கைப் பொருளாக வைத்திருந்தான். வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் ஃபிரிட்ஜ் மேலிருந்து எடுத்துக் காட்டி, ஆறு தடவை செத்த கதையைச் சொல்வான். தோட்டாவும் ஒரு பெட்டி வாங்கி, பீர் டப்பாவைச் சுட்டுக் காட்டுவானாம். ஜனவரியில் ட்ரீவாவை மளிகைக் கடையில் பார்த்தேன். வெயிலே இல்லாத நாளில் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள்.

“அக்கா கை எப்படியிருக்கு?” என்றாள்.

“அப்படியேதான் இருக்கு. நீ வாயேன்டி, அவ ஒண்ணும் சொல்லமாட்டா.”

“வரேன் வரேன்” என்று முட்டை டப்பாவைத் திறந்து உடைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே நகர்ந்துவிட்டாள்.

பிப்ரவரியில் ஐஸ் மழை பெய்தது. கிளையெல்லாம் கண்ணாடி போர்த்துக்கொண்டு ஒடிந்து விழும் சத்தம் மலை முழுக்கக் கேட்டது. கரண்ட் இல்லை, போன் இல்லை, ரோடு இல்லை. ராய்ஸோடு அவள் அந்த வீட்டுக்குள் அடைந்து கிடந்தாள். சாராயம் தீர்ந்து இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, சாப்பாட்டு நேரத்தில், பீன்ஸ் வேகவில்லை என்று தொடங்கியிருக்கிறது. அடுப்புக் கிளறும் இரும்புக்கம்பியை எடுத்திருக்கிறான். இடது கையில் இரண்டு எலும்பு முறிந்திருக்கிறது. அவன் இரண்டாவது தடவை கம்பியை ஓங்கும்போது அவள் ஃபிரிட்ஜ் மேல் இருந்ததை எடுத்திருந்தாள்.

ஒரே ஒரு தோட்டா. அவன் விழக்கூட இல்லையாம். “குளவி கொட்டின மாதிரி இருக்குடி” என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். உட்கார்ந்தபடியே போய்விட்டான். அவள் முறிந்த கையோடு ஐஸில் விழுந்து எழுந்து பெரிய ரோடு வரைக்கும் நடந்து ஆளைக் கூப்பிட்டாள்.

சுட்டதும் அப்படியே கிளம்பிப் போயிருந்தால் யாரும் அவளைத் தொட்டிருக்க மாட்டார்கள். ஆனால் போவதற்கு முன்னால் அவள் வீட்டை ஒழுங்கு பண்ணியிருக்கிறாள். எது கலைந்து கிடந்தாலும் அடி விழும் வீட்டில் இருந்தவள் அல்லவா? இரும்புக்கம்பியைத் துடைத்து அதன் கொக்கியில் மாட்டியிருக்கிறாள். சிந்திய பீன்ஸைக் கூட்டி அள்ளியிருக்கிறாள். அதைவிடக் கொடுமை, ஷெரிப் ஆட்கள் உள்ளே போனபோது மேஜைமேல் ரிவால்வர் திறந்து கிடந்தது. பக்கத்தில் ஒரு சாஸரில் மிச்சம் ஐந்து தோட்டாவும் ஒரு வெற்றுக் கூடும் வரிசையாக நிறுத்தி வைக்கப்பட்டிருந்தன.

அரசாங்க வக்கீலுக்கு அது போதுமானதாக இருந்தது. பயந்துபோய்ச் சுட்டவள் ஆறையும் சுட்டிருப்பாள், சுவரில் சுட்டிருப்பாள், துப்பாக்கியைப் போட்டுவிட்டு ஓடியிருப்பாள். இவள் ஒன்றே ஒன்று, சரியான இடத்தில் சுட்டு, தோட்டாவை எண்ணி வைத்திருக்கிறாள். பழகிச் செய்த கொலை என்றார். தானாகத் திரும்பிப் போனவள் என்றார். கம்பியை ஓங்கினான் என்பதற்கு அவள் கை மட்டும்தான் சாட்சி. அதுவும் ஐஸில் விழுந்து முறிந்ததாக இருக்கலாமே என்றார்.

ட்ரீவாவுக்கு நீதிமன்றம் கொடுத்த வக்கீல் சின்னப் பெண். எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னாள்: “ஜூரி நடுங்கற பொம்பளையைத்தான் நம்பும்மா. அவங்க கண்ணை மூடிக்கிட்டு, கை நடுங்க, எங்க படுதுன்னு தெரியாமச் சுட்டாங்க. அதுதான் நம்ம கட்சி. வேற மாதிரி ஒரு வார்த்தை அவங்க வாயிலேருந்து வரக்கூடாது. எங்கிட்டச் சொல்லலாம், வேற யாருகிட்டயும் கூடாது.”

“அவகிட்டச் சொல்லிட்டீங்களா?” என்றாள் வெர்லீன்.

“நாளைக்குத்தான் பார்க்கப் போறேன்.”

நாங்கள் அன்றைக்கே பார்க்க நேரம் வாங்கியிருந்தோம். சிறையில் நடுவே கண்ணாடி, இந்தப் பக்கம் ஒரு போன், அந்தப் பக்கம் ஒரு போன். போனுக்கு மேலே ஒரு பலகை. நான் எங்கே போனாலும் பலகையைப் படிப்பவள். ‘இங்கே பேசுவது அனைத்தும் பதிவு செய்யப்படும். வழக்கில் பயன்படுத்தப்படும்.’ வெர்லீனுக்கும் படித்துக் காட்டினேன். அவள் தலையசைத்தாள்.

ட்ரீவாவைக் கூட்டி வந்தார்கள். இடது கையில் மாவுக்கட்டு. கன்னம் மஞ்சளாகவும் பச்சையாகவும் இருந்தது. ஆனால் கண்ணில் பயம் இல்லை. சின்னப் பிள்ளையாக இருந்தபோது பார்த்த கண். வெர்லீன் இரண்டு கையாலும் போனைத் தூக்கினாள், நான் காதை ஒட்டவைத்துக்கொண்டேன்.

“சாப்பிட்டியாடி?” என்றாள் வெர்லீன்.

“சாப்பிட்டேன்க்கா. ரொட்டிதான் மாவா இருக்கு.”

“கை வலிக்குதா?”

“இல்ல. அக்கா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்னே காத்திருந்தேன். உனக்குத் தெரியணும்.”

“அப்புறம் சொல்லு. வக்கீலம்மா நாளைக்கு வருவாங்க—”

“இல்லக்கா, கேளு. அந்தச் சட்டையைத்தான் போட்டிருந்தாரு. கட்டம் போட்டது. கம்பியைத் தூக்கறாரு, எனக்குக் கையே நடுங்கலக்கா. உன் குரல்தான் காதுல கேட்டுச்சு. இழு, முள்ளைப் பாருன்னு. பாதி மூச்சை விட்டுட்டு, மூணாவது பட்டன்—”

வெர்லீன் போனை வைத்துவிட்டாள்.

ட்ரீவாவுக்கு அது புரியவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனைத் தட்டிப் பார்த்தாள். எங்கள் போனைக் காட்டி எடு, எடு என்று சைகை காட்டினாள். வெர்லீன் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள். ட்ரீவா போனைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு பேசிக்கொண்டே போனாள். சத்தம் எங்களுக்குக் கேட்கவில்லை. அந்தப் பதிவில் விழுந்திருக்குமோ என்னவோ. அக்காவுக்குக் காட்டுவதற்காக, மாவுக்கட்டுக் கையையும் நல்ல கையையும் முன்னால் நீட்டினாள். அவளுடைய நல்ல கட்டைவிரல் ஒன்றே அந்தச் சுத்தியை இழுக்கப் போதும். ஆனாலும் வெர்லீன் செய்கிற மாதிரியே இரண்டு கட்டைவிரலையும் சேர்த்து வைத்து இழுத்துக் காட்டினாள். அவள் பின்னால் நின்ற காவல்காரி அதைப் பார்த்தாள்.

வெர்லீன் எழுந்து கண்ணாடியில் உள்ளங்கையை வைத்து அந்தக் கையை மறைக்கப் பார்த்தாள். கண்ணாடியில் கையை வைத்தால் எதை மறைக்க முடியும்? ட்ரீவா பேச்சை நிறுத்தி அக்கா முகத்தைப் பார்த்தாள். பிறகு மெதுவாக உதட்டை அசைத்துக் கேட்டாள். மஞ்சள் கட்டையை மாற்றிப் போட்டதைத்தான் கேட்கிறாள் என்று எனக்கே புரிந்தது.

“இன்னும் கோவமாக்கா?”

வெர்லீன் போனுக்கு மேலே இருந்த பலகையை ஒரு தடவை பார்த்தாள், பிறகு ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

ட்ரீவாவின் கை கீழே இறங்கியது. அதற்கப்புறம் அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை.